ஒரு மண்டலத்துக்கு ஆறு நாள் குறைவு

தேதி எழுதிய சீட்டைக் கையில் வாங்கியது ஏப்ரல் 2. ஆபரேஷன் மே 14. கோவையிலிருந்து கோபிக்குத் திரும்பும் பஸ்ஸில் அம்மா விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். அவிநாசி தாண்டியதும் சொன்னார்: "நாப்பத்திரண்டு நாள் கண்ணு. ஒரு மண்டலத்துக்கு ஆறு நாள் குறைச்சல்."

எங்கள் வீட்டில் மண்டலம் என்றால் விரதம். ஒரு பொழுது சாப்பாடு, கவிச்சி கிடையாது, படுக்கை தரையில். வயிற்றைக் காயப்போட்டால் உடம்பு சுத்தமாகும் என்று நம்பி வளர்ந்தவர்கள் நாங்கள். குடலில் ஆபரேஷன் என்றதும் அம்மாவுக்கு முதலில் தோன்றியதும் அதுதான். இன்றையிலிருந்தே கஞ்சியும் மோருமாக இருந்து குடலைக் காலியாக வைத்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துவிட்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் டாக்டர் சொல்லி அனுப்பியது அதற்கு நேர் எதிர். "எடை 46 கிலோ, ஹீமோகுளோபின் 8.9. இந்த உடம்பை நான் இப்ப டேபிள்ல ஏத்த மாட்டேன். ஆறு வாரம் தர்றேன், தேத்திக் கொண்டு வாங்க."

இந்தக் கட்டுரை அந்த ஆறு வாரத்தைப் பற்றியது. ஆபரேஷன் எப்படி நடக்கும் என்று சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். அதற்கு முன்னால் உடம்பை எப்படித் தயார் பண்ணுவது என்று நான் தமிழில் தேடிய ராத்திரிகளில் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் வியாதியின் பெயர் எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உள்ளே படர்ந்திருக்கும் படலத்தைப் போன்ற திசு, கருப்பைக்கு வெளியே போய் வளர்வது. மாதவிலக்கு ஹார்மோன்களுக்கு அதுவும் கட்டுப்படும். வீங்கும், கசியும், தழும்பாகும், பக்கத்தில் இருக்கும் உறுப்புகளையெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். பிள்ளை பெறும் வயதில் இருக்கும் பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அவர்களில் ஒரு சிறு பகுதியினருக்கு அது குடலிலும் ஏறுகிறது. பெரும்பாலும் மலக்குடலிலும் அதற்கு மேலேயுள்ள வளைவிலும்தான்.

எனக்குப் பதினாறு வயதில் தொடங்கியது. மற்ற நாளில் ஒன்றும் தெரியாது. பீரியட்ஸ் வந்த இரண்டாம் நாள் மோஷன் போக உட்கார்ந்தால் ஆசனவாயிலிருந்து முதுகுத்தண்டு வரை ஒரு பிடி பிடிக்கும். கதவைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார முடியும். எங்கள் வீட்டுப் பாத்ரூம் கதவில், உள்தாழ்ப்பாளுக்கு ஒரு சாண் கீழே, என் நகம் பட்டுப் பட்டுப் பெயிண்ட் உரிந்த இடம் இன்னும் இருக்கிறது. ஒரு டாக்டர் கேஸ் என்றார், இன்னொருவர் மூலம் என்றார், கல்யாணமானால் சரியாகிவிடும் என்று ஒருவர், குழந்தை பிறந்தால் சரியாகிவிடும் என்று வேறொருவர். கொலோனோஸ்கோப்பியும் பார்த்தார்கள். நார்மல் என்று வந்தது.

அந்த நார்மலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குடல் எண்டோ வெளிப்பக்கத்திலிருந்து உள்நோக்கி வளர்கிறது. கொலோனோஸ்கோப்பி குழாய் உட்பக்கத்தை மட்டும் பார்க்கிறது. சுவரின் வெளிப்பக்கம் அரசமரம் வேர்விட்டால் வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு எப்படித் தெரியும்? வேர் உள்பூச்சை உடைத்துக்கொண்டு வந்தால்தான் தெரியும். குடலில் அது அபூர்வம். அதனால் ரிப்போர்ட்டில் நார்மல் என்று வந்த பிறகும் வலிக்கிறது என்றால் வலிப்பது உண்மைதான். எண்டோ பார்க்கத் தெரிந்தவரிடம் யோனி வழி ஸ்கேனோ எம்ஆர்ஐயோ எடுக்கக் கேளுங்கள். எனக்கு 33 வயதில் எடுத்த எம்ஆர்ஐயில் மலக்குடலில் மூன்றரை சென்டிமீட்டர் கட்டி தெரிந்தது. கருப்பையின் பின்பக்கம் குடலோடு ஒட்டிப்போயிருந்தது.

சரி, ஆறு வாரத்துக்கு வருகிறேன்.

முதல் காரியம் ரத்தம். மாதாமாதம் அளவுக்கு மேல் போன ரத்தமும், வலிக்குப் பயந்து சாப்பிடாமல் விட்ட சாப்பாடும் சேர்ந்து என்னை 8.9-இல் நிறுத்தியிருந்தன. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை. இதில் நான் தனி ஆள் இல்லை; ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயது வரையான இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, தமிழ்நாட்டில் 53.4. இத்தனை பேருக்கு இருப்பதாலோ என்னவோ, அதை யாரும் ஒரு குறையாகவே எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் குடலை வெட்டித் தைக்கும்போது அந்தத் தையல் கூடுவதற்கு ஆக்சிஜன் போய்ச் சேர வேண்டும். ரத்தம் குறைவாக இருக்கும் உடம்பில் ஆபரேஷன் செய்தால் பிறத்தியார் ரத்தம் ஏற்ற வேண்டிய தேவையும், பின்னால் வரும் சிக்கல்களும் கூடுகின்றன.

இரும்புச்சத்து மாத்திரை எனக்கு ஒத்துக்கொள்ளாது. மலம் கல்லாகிவிடும். ஏற்கெனவே சுருங்கிய இடத்தில் கல் வந்து நின்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இதை நானாகச் சொன்ன பிறகுதான் ஊசிவழி இரும்பு பற்றிப் பேச்சு வந்தது. ஒரு கிராம் மருந்து, ட்ரிப்ஸில் கால் மணி நேரம். அலர்ஜி ஏதும் வருகிறதா என்று பார்க்க அரை மணி நேரம் உட்காரவைத்தார்கள். அவ்வளவுதான். கூடவே டையனோஜெஸ்ட் மாத்திரை பீரியட்ஸை நிறுத்தி வைத்திருந்தது. மே முதல் வாரம் பார்த்தபோது 11.6. மாடிப்படி ஏறினால் இரைக்காமல் இருப்பது எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. மாத்திரையாகவே இரும்பு எடுப்பவர்கள் ஒன்று கவனியுங்கள். குடல் சுத்தம் செய்வதற்கு ஒரு வாரம் முன்பே அதை நிறுத்தச் சொல்வார்கள், ஏனென்றால் மலம் கறுத்துப் பிசினாக ஒட்டிக்கொள்ளும். எந்த நாள் நிறுத்துவது என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, சாப்பாடு. இதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. சாப்பிட்டால் மோஷன் வரும், மோஷன் வந்தால் வலிக்கும், அதனால் சாப்பிடாமலிருந்தால் வலிக்காது என்று பதினேழு வருஷம் பழகிய உடம்பு. பீரியட்ஸ் வருவதற்கு மூன்று நாள் முன்பே நான் சாதத்தை நிறுத்திவிடுவேன். வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆபீஸில் சாப்பிட்டுவிட்டேன் என்பேன், ஆபீஸில் வீட்டில் சாப்பிட்டேன் என்பேன். டயட்டீஷியன் என் எடையைப் பார்த்துக் கணக்குப் போட்டார்: கிலோவுக்கு ஒன்றரை கிராம் புரதம், நாளைக்கு 70 கிராம். நான் சாப்பிடுவதை எழுதச் சொன்னார். கூட்டிப் பார்த்தால் 30 தேறவில்லை.

ஒரு முட்டையில் 6 கிராம். சமைத்த கோழிக்கறி 100 கிராமில் ஏறக்குறைய 25. அம்மா இந்தக் கணக்கைப் பால் கணக்கு எழுதும் காலண்டரின் பின்பக்கம் எழுதி அடுப்படியில் மாட்டினார். காலையில் இட்லியோடு இரண்டு முட்டை. பதினோரு மணிக்கு ஒரு டம்ளர் பால். மதியம் கோழியோ மீனோ, கூடவே கட்டித் தயிர். சாயந்திரம் பனீர். ராத்திரி இன்னொரு முட்டை, பருப்பு. கறி எடுக்காதவர்கள் பருப்பு, பால், பனீர், சோயா என்று கூட்டிக்கொள்ளலாம், முடியாதது இல்லை. முதல் வாரம் எனக்குத் தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. தட்டைத் தள்ளிவைத்தபோது அம்மா என் எதிரில் வந்து உட்கார்ந்தார். திட்டவில்லை. "வயித்தைக் கட்டிப் போட்டே இத்தன வருசம் ஓட்டியிருக்கியே கண்ணு, எனக்குத் தெரியாமப் போச்சே" என்றார். அந்த வாரம் முழுக்க எனக்கு ஊட்டிவிட்டார். 33 வயதில் அம்மா கையால் சோறு வாங்கிச் சாப்பிட்டேன். 42 நாளில் மூன்றரை கிலோ ஏறினேன்.

"இதும் விரதந்தான். திங்கற விரதம்" என்று பக்கத்து வீட்டு அத்தையிடம் அம்மா சொல்லிக்கொண்டிருந்தது ஒருநாள் காதில் விழுந்தது.

ஆபரேஷனுக்கு முன்பு உடம்பைத் தேற்றுவது என்ற யோசனையே எனக்குப் புதிதாக இருந்தது. ஆபரேஷன் முடிந்த பிறகு தேற்றுவதுதானே நமக்குத் தெரிந்த வழக்கம்? ஆட்டுக்கால் சூப், நாட்டுக்கோழி ரசம் எல்லாம் அதற்குப் பிறகுதான். 1990-களில் டென்மார்க்கின் அறுவை மருத்துவர் ஹென்ரிக் கெலெட், குடல் ஆபரேஷன் செய்தவர்கள் சீக்கிரம் எழுந்து நடக்க என்னென்ன செய்யலாம் என்று ஒவ்வொரு படியாக மாற்றிப் பார்த்தார். பட்டினி நேரத்தைக் குறைப்பது, அன்றே எழுப்பி உட்காரவைப்பது, சீக்கிரம் சாப்பாடு கொடுப்பது என்று. அதன் அடுத்த படிதான் முன்கூட்டியே தேற்றுவது. மாண்ட்ரீலில் மெக்கில் பல்கலைக்கழக மருத்துவர்கள் பெருங்குடல் புற்றுநோய்க்காக ஆபரேஷன் செய்யப்போகிற 77 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நாலு வாரம் முன்பிருந்தே நடை, புரதம், மனதை ஆற்றும் பயிற்சி என்று கொடுத்தார்கள். மறு பாதிக்கு அதே பயிற்சி ஆபரேஷனுக்குப் பிறகு. எட்டு வாரம் கழித்து நடக்கவைத்துப் பார்த்தபோது, முன்பே தொடங்கியவர்களில் 84 சதவீதம் பேர் பழைய நடைக்குத் திரும்பியிருந்தார்கள். பிறகு தொடங்கியவர்களில் 62. இது 2014-இல் வந்தது. எண்டோ நோயாளிகள் இல்லை அவர்கள், என்றாலும் வெட்டப்படும் குடல் ஒன்றுதான்.

அதனால் நடந்தேன். வெயில் ஏறும் முன்பு தடப்பள்ளி வாய்க்கால் கரையில் அரை மணி நேரம். முதல் வாரம் பத்து நிமிஷம் நடந்தால் இடுப்பு பிடிக்கும். நின்று, உட்கார்ந்து, மறுபடி நடப்பேன். என் வீட்டுக்காரர் பெருந்துறையில் வேலைக்குப் போகும் முன்பு என்கூட வருவார். ஒன்றும் பேசமாட்டோம். மூன்றாவது வாரத்திலிருந்து நிற்காமல் அரை மணி நடந்தேன்.

மூச்சுக்கு ஒரு கருவி தந்தார்கள். பிளாஸ்டிக் பெட்டிக்குள் மூன்று பந்து இருக்கும், ஒரு குழாய் இருக்கும். எல்லோரும் முதலில் அதில் ஊதுவார்கள். ஊதக்கூடாது, உறிஞ்ச வேண்டும். மெதுவாக உள்ளிழுத்துப் பந்தை மேலே நிறுத்திப் பிடிக்க வேண்டும். வயிற்றில் தையல் இருக்கும்போது ஆழமாக மூச்சிழுக்கப் பயமாக இருக்கும், மேலோட்டமாக மூச்சு விட்டால் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிச் சளி கட்டும். அப்போது எப்படி இழுக்க வேண்டும் என்று உடம்புக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு அதைக் கற்றுக்கொள்வது ரொம்ப சிரமம். பக்கத்துக் கட்டிலில் இருந்த வேறொரு அம்மாவுக்கு ஆபரேஷன் முடிந்த மறுநாள்தான் கொடுத்தார்கள். பாவம், அழுதுவிட்டார்.

இடுப்பின் அடியில் உறுப்புகளைத் தாங்கும் தசைகளுக்கான இடுப்புத்தளப் பயிற்சி என்றதும் எல்லோரும் இறுக்கிப் பிடிக்கும் பயிற்சியைத்தான் சொல்வார்கள். யூடியூபில் பார்த்து நானும் இரண்டு வருஷம் செய்திருக்கிறேன், வலி கூடத்தான் செய்தது. பிசியோதெரபிஸ்ட் கை வைத்துப் பார்த்துவிட்டு, "நீங்க தளர்த்தவே இல்லீங்க, வருசக்கணக்கா இறுக்கியே வெச்சிருக்கீங்க" என்றார். வலிக்குப் பயந்த தசை எப்போதும் முஷ்டி பிடித்தபடியே இருக்கிறது. எனக்குத் தேவை அதை அவிழ்ப்பது. முழங்காலை மடக்கிப் படுத்து, ஒரு கை நெஞ்சில் ஒரு கை வயிற்றில் வைத்து, வயிறு மட்டும் எழும்ப மூச்சிழுப்பது. மூச்சு உள்ளே வரும்போது அடிவயிறும் ஆசனவாயும் தானாகக் கீழிறங்கித் தளர்வதைக் கவனிப்பது. வெஸ்டர்ன் டாய்லெட்டில் காலுக்கடியில் ஒரு சின்ன முக்காலி போட்டு, முக்காமல், வாயைத் திறந்து மூச்சை விட்டபடி போவது. குடலை வெட்டித் தைத்த பிறகு முக்கக்கூடாது என்பதால் இதை முன்பே பழகச் சொன்னார். இந்த ஒரு பயிற்சி ஆபரேஷன் இல்லாமலே என் வலியில் கொஞ்சத்தைக் குறைத்தது. பதினேழு வருஷத்தில் யாராவது ஒருவர் இதைச் சொல்லியிருக்கலாம் என்று நினைக்கும்போது எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

மருந்துகள் விஷயத்தில் ஒளிக்காதீர்கள். நான் வலிக்கு ஒரு லேகியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், மஞ்சள் மாத்திரையும் மீன் எண்ணெய் மாத்திரையும் கூட. கேட்டால் திட்டுவார்களோ என்று முதலில் சொல்லவில்லை. மயக்க மருந்து டாக்டரிடம் சொன்னபோது அவர் திட்டவில்லை, இரண்டு வாரம் முன்பே எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். ரத்தம் உறைவதில் சில தலையிடலாம் என்பதால். குழம்பில் போடும் மஞ்சளுக்கு ஒன்றுமில்லை. ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு, காலில் ரத்தக்கட்டி வரும் ஆபத்து இருப்பதால், அதை எப்போது நிறுத்துவது என்று தனியாகக் கேட்க வேண்டும். இன்சூரன்ஸையும் முதல் வாரமே பாருங்கள். என் பாலிசியில் எண்டோவுக்கு 24 மாதக் காத்திருப்பு என்று போட்டிருந்தது. நல்லவேளை, அது முடிந்து நாலு மாதம் ஆகியிருந்தது.

எந்த ஆபரேஷன் என்பதைத் தெரிந்துகொள்வதும் தயாராவதில் சேர்ந்ததுதான். குடல் எண்டோவை மூன்று விதமாக எடுக்கிறார்கள். மேலாக இருந்தால் குடல் சுவரைத் திறக்காமல் செதுக்கி எடுப்பது. கொஞ்சம் ஆழமாக, சின்னதாக இருந்தால் அந்த இடத்தை மட்டும் வட்டமாக வெட்டி மூடுவது. பெரிதாகவோ பல இடத்திலோ இருந்தால் அந்தத் துண்டுக் குடலையே எடுத்துவிட்டு இரண்டு முனைகளையும் இணைப்பது. எது என்று எம்ஆர்ஐ ஓரளவு சொல்லும்; மீதி, உள்ளே பார்த்துத்தான். எனக்கு மூன்றாவது வகை இருக்கலாம் என்றார்கள். இணைத்த இடம் கசிந்தால் என்ன, சிறுநீர்ப் பை கொஞ்ச நாள் வேலை செய்யாமல் போனால் என்ன, ஆபரேஷனுக்குப் பிறகு அடிக்கடி மோஷன் போக வேண்டியிருக்குமா, சினைப்பையைத் தொடுவீர்களா, குழந்தை ஆசை இருப்பதால் கருமுட்டையை முன்பே சேமிக்க வேண்டுமா: இதெல்லாம் ஒரு நோட்டில் எழுதிப் போய்க் கேட்டேன். குடல் டாக்டரும் மகப்பேறு டாக்டரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பதில் சொன்னார்கள். அப்படி இருவரும் சேர்ந்து நிற்கும் இடத்தில்தான் இதைச் செய்துகொள்ள வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அப்புறம் ஸ்டோமா. இணைப்பு ஆறும் வரை மலம் அந்த வழியாகப் போகாமல், சிறுகுடலின் ஒரு பகுதியை வயிற்றுக்கு வெளியே எடுத்துப் பை ஒட்டுவது. எல்லோருக்கும் தேவைப்படாது. என் கட்டி கீழே இருந்ததால் தேவைப்படலாம், வைத்தாலும் மூன்று மாதத்தில் மூடிவிடுவோம் என்றார்கள். அதைக் கேட்ட அன்றைக்கு நான் யாரோடும் பேசவில்லை.

ஆபரேஷனுக்கு ஒரு வாரம் முன்பு ஸ்டோமா நர்ஸைப் பார்க்க அனுப்பினார்கள். ஃபோனில் அவர் கேட்ட முதல் கேள்வி: "நீங்க வழக்கமா சேலையா, சுடிதாருங்களா?" சேலை என்றேன். "அப்ப உங்க பாவாடையும் சேலையும் எடுத்துட்டு வாங்க." போனதும் திரைக்குப் பின்னால் வழக்கமாகக் கட்டும் இடத்தில் பாவாடையைக் கட்டச் சொன்னார். நாடா பதியும் கோட்டை மார்க்கர் பேனாவால் மெல்லிசாகக் குறித்துக்கொண்டார். பிறகு படுக்கச் சொன்னார், எழுந்து நிற்கச் சொன்னார், நாற்காலியில் உட்காரச் சொன்னார். "வீட்ல தரையில உக்காந்துதான் சாப்பிடுவீங்களா?" ஆமாம் என்றேன். கீழே ஒரு பாய் விரித்தார். சப்பணம் போட்டு உட்கார்ந்தேன். குனிந்து என் வயிற்றைப் பார்த்தார். நிற்கும்போது சமமாக இருந்த இடத்தில் உட்கார்ந்ததும் இரண்டு மடிப்பு விழுந்திருந்தது. மடிப்பில் வைத்தால் பையின் ஒட்டு பிரிந்துவிடுமாம். அந்த இடத்தைத் தள்ளி, நாடாக் கோட்டுக்குக் கீழே, தொப்புளுக்கு வலப்பக்கம், நான் குனிந்தால் என் கண்ணுக்கே தெரிகிற ஒரு இடத்தில் பத்துப் பைசா அளவு வட்டம் போட்டார். அதன் மேல் கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டரை ஒட்டினார், குளித்தால் அழியாமல் இருக்க. பிறகு ஒரு பையில் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி அதே இடத்தில் ஒட்டிவிட்டு, "இன்னிக்கு ராத்திரி இதோட தூங்கிப் பாருங்க" என்றார்.

அந்தப் பையோடு பஸ் ஏறினேன், சேலை கட்டினேன், தரையில் உட்கார்ந்து சாப்பிட்டேன், ஒருக்களித்துப் படுத்தேன். நடந்தால் தண்ணீர் லேசாக ஆடுவது தெரிந்தது. விடியும்போது பயம் பாதியாகியிருந்தது. பிறகு உண்மையாகவே ஸ்டோமா வைத்தார்கள், மூன்று மாதம் இருந்தது. அந்த மூன்று மாதத்தில் பாவாடை நாடா ஒருநாள்கூடப் பையின் மேல் ஏறவில்லை. அவசர ஆபரேஷனில் குறிக்காமல் வைத்தவர்கள் படும் பாட்டை வார்டில் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு ஸ்டோமா வரலாம் என்று ஒரு வார்த்தை சொன்னாலும், இடம் குறிக்க யார் வருவார்கள், எப்போது வருவார்கள் என்று கேட்டுவிடுங்கள்.

கடைசி மூன்று நாள் நார்ச்சத்து இல்லாத சாப்பாடு. அம்மாவுக்கு இதுதான் அதிர்ச்சி. சிறுவயதிலிருந்து என் வயிற்றுக்கு அவர் தெரிந்துவைத்திருந்த ஒரே வைத்தியம் கீரை. தினம் ஒரு கீரை, வாரத்தில் இரண்டு நாள் கொள்ளு, கம்பஞ்சோறு, வாழைத்தண்டு. அத்தனையையும் நிறுத்தச் சொன்னார்கள். தோல், விதை, தேங்காய்ச் சக்கை, கடுகுகூடக் கூடாது. வெள்ளைச் சாதம், தோலெடுத்த உருளைக்கிழங்கு, முட்டை, தோலில்லாத கோழி, சந்தகை, தயிர். மலம் குறைவாகச் சேரட்டும் என்பதற்குத்தான் இது, சத்துக்காக இல்லை. அம்மா ரசத்தை வேட்டித் துணியில் இரண்டு முறை வடிகட்டி, விளக்கு வெளிச்சத்தில் டம்ளரைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

பேதி மருந்தைப் பற்றித்தான் எல்லோரும் பயமுறுத்துவார்கள். பெக் என்று சுருக்கமாகச் சொல்கிற பாலிஎத்திலீன் கிளைக்கால் தூள், ஒரு பாக்கெட்டை 2 லிட்டர் தண்ணீரில் கரைத்து, கால் மணிக்கு ஒரு டம்ளர் வீதம் குடிக்க வேண்டும். அந்த மருந்து உடம்புக்குள் சேராது. தண்ணீரைக் குடலிலேயே பிடித்துவைத்துக் கழுவிக்கொண்டு வெளியேறிவிடும். உப்புகளும் அதிலேயே கலந்திருப்பதால் சாதாரணப் பேதி போல ஆளைச் சாய்க்காது. எல்லாச் சர்ஜன்களும் இதைக் கொடுப்பதில்லை. பேதி மருந்து மட்டும் கொடுத்துப் பெரிய பயனில்லை, ஆன்டிபயாடிக் மாத்திரையும் சேர்த்தால்தான் தையலில் தொற்று குறைகிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. எனக்கு இரண்டும் கொடுத்தார்கள். குடல் ரொம்பச் சுருங்கி அடைக்கும் நிலையில் இருந்தால் இந்த மருந்தே ஆபத்து. சாப்பிட்டதும் வயிறு உப்பி வாந்தி வருகிறது, காற்றுக்கூடப் பிரியவில்லை என்றெல்லாம் இருந்தால் குடிக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

மே 13, பிற்பகல் மூன்று மணி. ஆஸ்பத்திரி அறை. உப்பும் எலுமிச்சையும் கலந்த வாடை. ஃபிரிட்ஜில் குளிரவைத்து, ஸ்ட்ரா போட்டு, நாக்கின் பின்பக்கமாக இழுத்தால் இறங்கிவிடுகிறது. முதல் ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு ஆறு மணி நேரம் பாத்ரூமை விட்டு வர முடியவில்லை. டிஷ்யூ பேப்பர் வேண்டாம், வெதுவெதுப்பான தண்ணீரும் பழைய பருத்தித் துணியும். தொடக்கத்திலிருந்தே வாஸ்லின் தடவிவிடுங்கள், புண்ணான பிறகு தடவிப் பயனில்லை. வலிக்கும் என்று கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். வலிக்கவில்லை. தண்ணீராகப் போவதற்கு அந்தக் கட்டியோடு மோத வேண்டியிருக்கவில்லை. மூச்சை விட்டபடி உட்கார்ந்திருந்தேன். கதவிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

பத்து மணிக்கு சிஸ்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். "அடி தெரியுதுங்க. போதும்." கிருமிநாசினி போட்டுக் குளிக்கச் சொன்னார்.

ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் பச்சைத் தண்ணி பல்லில் படக்கூடாது என்பதுதான் நமக்குத் தெரிந்த சட்டம். இப்போது அப்படி இல்லை. திட உணவுக்கு ஆறு மணி நேர இடைவெளி, தெளிந்த தண்ணீருக்கு இரண்டு மணி நேரம் என்பதுதான் மயக்க மருந்து மருத்துவர்களின் விதி. காலை ஐந்தரை மணிக்கு 400 மி.லி. தண்ணீரில் 50 கிராம் மாவுச்சத்துத் தூள் கரைத்த இனிப்புத் தண்ணீர் கொடுத்தார்கள். பட்டினி கிடந்த உடம்பாக இல்லாமல், சாப்பிட்ட உடம்பாக உள்ளே போக வேண்டும் என்பதற்கு. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இதில் வேறு கணக்கு, கேட்டுத்தான் குடிக்க வேண்டும். அம்மா டம்ளரைப் பிடித்துக்கொண்டார். "கடைசி வரைக்கும் குடுத்துத்தான் அனுப்பறாங்க" என்றார். எட்டு மணிக்கு நான் நடந்தே தியேட்டருக்குப் போனேன்.

நாலரை மணி நேரம். 8 சென்டிமீட்டர் குடலை எடுத்தார்கள். அன்று சாயந்திரமே கட்டில் ஓரத்தில் உட்காரவைத்தார்கள், மறுநாள் காலை நடந்தேன். லேப்ரோஸ்கோப்பி என்கிற துளைவழி ஆபரேஷனுக்கு வயிற்றில் நிரப்பும் வாயுவால் தோள்பட்டை இரண்டு நாள் வலித்தது. வயிற்றைவிட அதுதான் வலித்தது. மூச்சுக் கருவியில் மூன்று பந்தையும் மேலே நிறுத்திப் பிடித்தேன். ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தேன்.

போன வாரம் தாராபுரத்திலிருந்து ஒரு பெண் ஃபோன் செய்திருந்தார். வயது 29. அடுத்த மாதம் தேதியாம். என்ன சாப்பிடுவது என்று கேட்டார். ஹீமோகுளோபின் எவ்வளவு என்று கேட்டேன், தெரியாது என்றார். பார்க்கச் சொன்னேன். எடையைக் கேட்டேன். குரலைத் தாழ்த்தி, "நாப்பத்தி நாலுங்கக்கா. சாப்பிட்டா வலிக்குதுங்க" என்றார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு ஃபோனை வாங்கினார்.

"அம்மா பேசறேன் சாமி. இன்னும் எத்தன நாள் இருக்குது?" என்றார். அந்தப் பக்கம் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. அம்மா விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். "முப்பத்தி மூணு நாளா? சரி, போதும். கீரையெல்லாம் கடைசி மூணு நாள்ல நிறுத்திக்கலாம், அதப்பத்தி இப்ப கவலப்படாத. இன்னிக்கு என்ன சாப்பிட்ட? ஒரு காகிதம் எடு, சொல்றேன். முட்டை, ஆறு."